அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

பேரப்பிள்ளை பிறந்தால், பள்ளி விடுமுறை வந்தால் எங்களை வரவழைக்கிறீர்கள். சந்தோஷம். டிக்கெட்டையும் நீங்களே எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறீர்கள். அதில் நடுவே 'தோஹா, 8 மணி நேரம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், கத்தார் நாட்டின் தோஹாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் அது. விலை குறைவாகக் கிடைத்த சந்தோஷத்தில் அந்த வரியை நீங்கள் தாண்டிப் போய்விடுகிறீர்கள். அதற்குள் உட்கார்ந்திருக்கப் போவது நாங்கள்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது, எங்கேயாவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். அது தெரியும், அதைப் பற்றிப் புகார் இல்லை. அந்த எட்டு மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்று ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை என்பதுதான் என் குறை.

முதலில் சக்கர நாற்காலி. எங்களில் பாதிப் பேருக்கு நடக்க முடியாமல் இல்லை. இங்கிலீஷ் வராது, வழி தவறிவிடுவார்கள் என்ற பயத்தில் நீங்கள் கேட்டு வைக்கிறீர்கள். அது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? விமான வாசலிலிருந்து ஒரு பையன் தள்ளிக்கொண்டு வருவான். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் ஓர் ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த விமானத்துக்கு ஓடுவான். அங்கே ஏற்கெனவே இருபது முப்பது பேர், ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிக்க வைத்த பைகளைப் போல.

ஒரு வளைகுடா விமான நிலையத்தில் என் பக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். ஊரில் தினமும் கோவில் பிராகாரத்தைச் சுற்றி வருகிறவர். விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், எழுந்து போனால் ஆள் வந்து தேடுவான், விமானம் போய்விடும் என்று பயம். "எழுந்திருக்காதேம்மா, அவங்களே வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு பையன் சொல்லிருக்கான்" என்றார். அங்கிருந்த உதவி மேசையில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு இருவருமாக நடந்தோம். பாத்ரூம் நாற்பது அடி தூரம்கூட இல்லை. ஒரு விஷயம், வளைகுடாவில் கழிவறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. ஐரோப்பா வழியாக டிக்கெட் போடும்போது இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆகவே, எழுந்து நடக்கலாம், மேசையில் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் கையை விட்டுக் கொடுக்காமல் தாங்களே வைத்திருக்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியதையும் சொல்லுங்கள். தோஹாவில் நடுக்கூடத்தில் தலையில் விளக்கு முளைத்த மஞ்சள் கரடி ஒன்று, ஏழு மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் 'கரடிக்குப் பக்கத்தில் இருக்கிறேன்' என்று அடையாளம் சொல்ல அதைவிட வசதி கிடையாது. 2022-இல் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிஜ மரங்களோடு ஒரு தோட்டம் திறந்தார்கள். கட்டிடத்துக்குள்ளேயே ஒரு ரயில் ஓடுகிறது, காசு கிடையாது, போய்த் திரும்பலாம்.

ஆஸ்திரேலியாப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் சிங்கப்பூர் வழி. அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவச சினிமாவும் உண்டு. "அந்தப் பெரிய அருவியைப் பார்த்துட்டு வாம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 40 மீட்டர் உயர அருவி இருக்கும் ஜுவல் என்ற வணிக வளாகம், பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே இருக்கிறது, அங்கே நடந்து போக சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி வேண்டும். முனையங்களுக்கு இடையே ஓடும் ரயிலில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியே தெரியும், எங்களுக்கு அது போதும்.

அப்புறம் போன். துபாயில் வாட்ஸாப் கால் வேலை செய்யாது, அந்த நாட்டில் தடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மா எடுக்கவில்லை என்று நீங்கள் அங்கே பதற, கால் போகவில்லை என்று அவர் இங்கே பதற, இரண்டு பக்கமும் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மெசேஜும் குரல் பதிவும் போகும், அதை முன்பே பழக்கி வையுங்கள்.

கடிகாரமும் அப்படித்தான். போர்டிங் பாஸில் இருப்பது உள்ளூர் மணி. தோஹா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி. கைக்கடிகாரம் இந்திய மணியைக் காட்டும், போன் வேறு காட்டும், சர்க்கரை மாத்திரையை எந்த மணிக்குப் போடுவது? இதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பல பெரிய நிலையங்களில் இப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் அறிவிப்பு செய்வதில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டும். ரயில்வே ஸ்டேஷன் பழக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.

மாவடு, ஆவக்காய் எதையும் கைப்பையில் வைக்கச் சொல்லாதீர்கள். மாறும் இடத்தில் மறுபடி சோதனை உண்டு, 100 மில்லிக்கு மேல் எண்ணெயோ குழம்போ போகாது. கண்ணெதிரே குப்பைத் தொட்டியில் விழும். காலி பாட்டில் தாராளமாகக் கொண்டு போகலாம், உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். அது குடிக்கிற தண்ணீர்தான் என்று யாராவது சொன்னால்தான் நாங்கள் நம்புவோம்.

இடைவெளி குறைவாக இருந்தாலும் ஆகாது. ஒன்றே கால் மணி நேரத்தில் விமானம் மாறச் சொல்வது எங்கள் முழங்காலுக்குச் செய்யும் அநியாயம். என்னைக் கேட்டால் மூன்றிலிருந்து நாலு மணி நேரம் சரி: பாத்ரூம், ஒரு காபி, கொஞ்சம் நடை, கேட்டுக்குப் போய்க் கால் நீட்டி உட்கார நேரம். எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் ஓட்டல் அறை தருவார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். சிலர் நிபந்தனையோடு தருகிறார்கள், நாமாகக் கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்த முறை பணம் கட்டும் முன் ஒரு போன் போட்டு, "நடுவில் இத்தனை மணி நேரம், சரியாம்மா?" என்று கேளுங்கள். நேரம் பார்த்து எடுத்தால் விலை ஐந்தாயிரம் கூடும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். பென்ஷன் வருகிறது, நாங்களே போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஓர் அம்மா