போர்க்காலத் தலைவரிடம் கேள்வி கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் தங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், நாடு போரில் இருக்கும்போது மக்கள் கேள்வி எதுவும் எழுப்பாமல் தலைவரின் பின்னால் அணிதிரள வேண்டும் என்றும், அவ்வேளையில் கணக்குக் கேட்பது பகைவனுக்குத் துணைபோவதற்குச் சமம் என்றும் எழுதியிருந்தார். அதற்கு உதாரணமாக, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவை வழிநடத்திய வின்ஸ்டன் சேர்ச்சிலைக் காட்டியிருந்தார். திருகோணமலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும், இரண்டு போர்களின் நினைவைச் சுமக்கும் ஒரு குடும்பத்தில் பிறந்தவன் என்ற வகையிலும் அக்கடிதத்துக்கு மறுமொழி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. சேர்ச்சிலின் கதையை முழுவதுமாகப் படித்தால், அது அந்த அன்பரின் வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

சேர்ச்சில் பிரதமரானது 1940 மே 10ஆம் திகதி. மூன்று நாள் கழித்துப் பாராளுமன்றத்தில் முதன்முறை பேசியபோது, இரத்தத்தையும் உழைப்பையும் கண்ணீரையும் வியர்வையையும் தவிரத் தம்மிடம் தருவதற்கு வேறெதுவும் இல்லை என்று கூறினார். இந்த வசனத்தை எல்லோரும் அறிவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஜூன் 4ஆம் திகதிப் பேச்சு. பிரான்சின் டன்கேர்க் கரையிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமான படையினர் கப்பல்களிலும் படகுகளிலும் மீட்கப்பட்டு, நாடு முழுவதும் மகிழ்ச்சியில் மிதந்த நாள் அது. வேறொரு தலைவராக இருந்திருந்தால் அதை வெற்றி விழாவாக்கியிருப்பார். சேர்ச்சிலோ, இந்த மீட்பை வெற்றியென்று எண்ணிவிடக் கூடாது, பின்வாங்குவதால் எவரும் போரை வெல்வதில்லை என்று எச்சரித்தார். கொல்லப்பட்டோரும் காயமடைந்தோரும் காணாமற்போனோருமாக முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்ததையும், ஏறத்தாழ ஆயிரம் பீரங்கிகளைக் கைவிட்டு வந்ததையும் சபையில் எண்ணிக்கையோடு சொன்னார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நேர்ந்தது மாபெரும் இராணுவப் பேரழிவு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கடைசிவரை போரிடுவோம் என்று அதே பேச்சின் முடிவில் அவர் கூறியதை மக்கள் நம்பியதற்குக் காரணம், அதற்கு முன்னர் அவர் இழப்பை ஒளிக்காமல் சொல்லியிருந்தார் என்பதே என்று நான் கருதுகிறேன்.

அவர் கேள்விக்கு அப்பாற்பட்டவராகவும் இருக்கவில்லை. 1941 மே மாதம் ஜேர்மன் விமானங்கள் பாராளுமன்றப் பொதுச்சபை மண்டபத்தையே தகர்த்தன. சபை வேறிடத்தில் கூடியது. ஆனால் கூடாமல் விடவில்லை. 1942 ஜனவரி மாத இறுதியில் மூன்று நாள் விவாதம் நடந்து, நம்பிக்கை வாக்கெடுப்பில் 464க்கு 1 என்ற கணக்கில் அவர் வென்றார். அடுத்த மாதம் 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தபோது, அன்றிரவே வானொலியில் தோன்றி அது ஒரு பாரிய தோல்வி என்று தம் வாயாலேயே அறிவித்தார். ஜூன் மாதம் வட ஆபிரிக்காவில் டொப்ருக் வீழ்ந்தது. ஜூலை முதல் இரு நாட்களும் சபையில் அவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை விவாதிக்கப்பட்டு, 475க்கு 25 என்று தோற்கடிக்கப்பட்டது. போரின் மிக இருண்ட ஆண்டில், தலைவர் இருமுறை தம் பதவியைச் சபையின் வாக்குக்கு விட்டார். அதனால் பிரித்தானியா பலவீனமடைந்துவிடவில்லை.

இராணுவ இரகசியங்களைச் சந்தையில் வைத்துப் பேச முடியுமா என்று அன்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான விடையும் அதே ஆண்டில் இருக்கிறது. நமது துறைமுகத்தோடும் அது தொடர்புடையது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே நாளில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 9ஆம் திகதி காலை திருகோணமலையில் குண்டுகள் விழுந்தன. முதல் நாள் இரவே இத்துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இரண்டு வாரத்தில், ஏப்ரல் 23ஆம் திகதி, சேர்ச்சில் பாராளுமன்றத்தைக் கதவடைத்த இரகசிய அமர்வாகக் கூட்டி, சிங்கப்பூர் வீழ்ந்த விதத்தையும் இந்து சமுத்திரத்தில் நேர்ந்த இழப்புகளையும் உறுப்பினர்களிடம் விளக்கினார். இரகசியத்தைக் காக்கவும் பொறுப்புக் கூறவும் வழி தேடுபவருக்கு வழி கிடைக்கும்.

ஆனால் அந்த விளக்கம் லண்டனில் இருந்த மக்களின் பிரதிநிதிகளுக்கு. குண்டு விழுந்த இந்த ஊரின் சனங்களுக்கு எவர் என்ன சொன்னார்? என் அப்பம்மா அந்தக் காலையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சீனக்குடாப் பக்கம் கறுத்த புகை எழுந்ததையும், கோயில் மணியோசை கேட்கவில்லை என்பதையும், கையில் குழந்தையோடும் தலையில் அரிசி மூட்டையோடும் தம்பலகாமம் நோக்கி நடந்ததையும் சொல்வார். போர் எதற்காக நடக்கிறது, எத்தனை நாளைக்கு ஒளிந்திருக்க வேண்டும், எப்போது திரும்பலாம் என்று அதிகாரத்தில் இருந்த எவரும் தமக்கு வந்து சொல்லவில்லை என்பதே அவருடைய மாறாத குறை. பிள்ளைகளின் வயதைக்கூட அவர் "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்றுதான் கணக்கிடுவார். சீனக்குடாக் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்களை மாணவர்களுக்குக் காட்டச் செல்லும்போதெல்லாம் அந்தக் குறை என் காதில் ஒலிக்கும். அவை யாருக்காகக் கட்டப்பட்டனவோ அவர்களின் கணக்கில் எண்ணெய் இருந்தது, கப்பல் இருந்தது. அப்பம்மா இருந்தாரா என்பது எனக்கு ஐயமே.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை அடுத்த ஆண்டு வங்காளம் காட்டியது. பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவன் கைக்குப் போய்விடக் கூடாது என்று கரையோர வங்காளத்தில் படகுகளும் நெல்லும் அப்புறப்படுத்தப்பட்டன. விலைவாசி ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 1943இல் பஞ்சம் பிடித்தது. 20 இலட்சத்துக்கும் அதிகமானோர், சில கணிப்புகளின்படி 30 இலட்சத்துக்கும் அதிகமானோர், பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டனர். தானியம் அனுப்புமாறு வைசிராய் வேவல் பிரபு மீண்டும் மீண்டும் எழுதினார். இந்திய விவகார அமைச்சர் லியோ அமெரி அமைச்சரவைக்குள்ளேயே வாதாடினார். சேர்ச்சிலின் போர் அமைச்சரவை கேட்ட அளவில் ஒரு பகுதிக்குத்தான் இணங்கியது. கப்பல்களுக்குத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. பழியை எவ்வளவு அவர் மீது சுமத்தலாம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் லண்டனில் ஒரு தொழிலாளியின் தட்டில் குறைந்த வெண்ணெய்க்கும் சீனிக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்த அதே அரசாங்கம், வங்காளத்து வயிறுகளுக்கு எந்த வாக்காளனிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே தலைவர், ஒரே போர், ஒரே அமைச்சரவை. அவரைக் கேட்கும் உரிமை ஓரிடத்து மக்களுக்கு இருந்தது, மற்ற இடத்து மக்களுக்கு இல்லை. அந்த அன்பர் இதைக் கவனத்திற்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நமது தீவு லண்டனுக்கும் வங்காளத்துக்கும் இடைப்பட்ட நிலையில் நின்றது. இங்கும் பர்மா அரிசி நின்றுபோனது. நாம் உண்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தது என்பதால் ஆபத்து பெரிதாக இருந்தது. ஆனால் 1931 முதல் சர்வசன வாக்குரிமை இருந்தது, தெரிவான அமைச்சர்கள் இருந்தனர், விவசாயத்துக்கு டி. எஸ். சேனநாயக்க பொறுப்பாக இருந்தார். அரிசிக்குப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் நம் வீடுகளில் வழக்கமாயின. ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக் கடைகள் முளைத்தன. மலாயா கைவிட்டுப் போனபின் நேச நாடுகளுக்கு நமது இறப்பரும் நமது துறைமுகமும் இன்றியமையாதவையாக இருந்ததும் நமக்குத் துணைசெய்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் இங்கே அரிசி வந்தது என்பதை வங்காளத்தை எண்ணும்போது மனம் நோகாமல் நினைக்க முடிவதில்லை. ஆனாலும் அப்பம்மாவின் கூப்பன் அரிசி எத்தனை குறைவாக இருந்தாலும் கிடைத்தது. சபையில் எழுந்து அரிசியைப் பற்றிக் கேட்க ஆள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இனி, நாமே கண்ட போருக்கு வருகிறேன். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து மக்கள் இரவு பகலாக நடந்து கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் வந்து சேர்ந்தபோது, பாடசாலைக் கட்டடங்களில் அவர்களுக்குச் சோறு பரிமாறியவர்களில் நானும் ஒருவன். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாயில் படுத்திருந்தனர். வீட்டில் விட்டுவந்த முதியவரை நினைத்து அழுத ஒரு தாயின் கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வன்னியில் என்ன நடந்தது என்பதைப் பொதுப் பதிவுகளே சொல்கின்றன. போர்வலயத்தில் எழுபதாயிரம் பேர் அளவிலேயே இருக்கின்றனர் என்று 2009இன் தொடக்கத்தில் அரசு தரப்பு சொல்லிவந்தது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம். எழுபதாயிரம் பேருக்கென்று கணக்கிட்டு அனுப்பும் உணவும் மருந்தும் மூன்று இலட்சம் பேருக்கு எப்படிப் போதும்? தன் நாட்டு மக்களின் தொகையைப் போரின் நடுவே குறைத்துச் சொல்லும் ஓர் அரசை, டன்கேர்க்கில் இழந்தவர்களை எண்ணிச் சொன்ன அரசோடு எப்படி ஒப்பிடுவது?

அந்த ஆண்டுகளில் நமது பாராளுமன்றமும் கூடத்தான் செய்தது. மாதந்தோறும் அவசரகாலச் சட்டத்தை நீடிக்க வாக்கெடுப்பு நடந்தது. ஆனால் எழுந்து கேட்டவர்களுக்கு நேர்ந்ததை மறந்துவிட முடியுமா? பாராளுமன்ற உறுப்பினர்களான ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள்ளேயும், நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பு வீதியிலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதே அளவுகோலை நம் பக்கத்துக்கும் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் என் கடிதத்துக்கு மதிப்பில்லை. தமிழருக்குத் தலைமை தாங்குவதாகச் சொன்னவர்கள் 1989 ஜூலை 13ஆம் திகதி அ. அமிர்தலிங்கத்தையும், 1999 ஜூலை 29ஆம் திகதி நீலன் திருச்செல்வத்தையும் கொன்றனர்; 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை வேரோடு வெளியேற்றினர்; இறுதி நாட்களில் போர்வலயத்தை விட்டுத் தப்பிவர முயன்ற தம் சொந்த மக்களையே தடுத்தனர், சுட்டனர். அவர்களிடமும் எவரும் கணக்குக் கேட்க முடியவில்லை. இதை எழுதுவதால் சிலர் என்னோடு மனத்தாங்கல் கொள்ளலாம். மூதூர் அகதிகளுக்குச் சோறு பரிமாறிய கையால் இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

உறுதியான தலைமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1940இன் கோடையில் சேர்ச்சிலின் உறுதி இல்லாதிருந்தால் ஐரோப்பா என்னவாகியிருக்கும் என்பதை அறியாதவன் அல்லன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில் 1864இல் தேர்தலை நிறுத்தாமல் நடத்திய ஆபிரகாம் லிங்கனும் உறுதியில் குறைந்தவர் அல்லர். தாம் தோற்கக்கூடும் என்று அவ்வாண்டு ஓகஸ்டில் எழுதி மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களின் கையொப்பம் வாங்கி வைத்திருந்தும் தேர்தலை அவர் தள்ளிப்போடவில்லை. சேர்ச்சிலையும் அவரது மக்கள் 1945 ஜூலைத் தேர்தலில், ஐரோப்பாவில் வென்று மூன்று மாதம் நிறையும் முன்பே, பதவியிலிருந்து இறக்கினர். அவர் இறங்கிப் போய் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதியை நேரில் கண்டு, இன்னும் நினைவோடு இருப்பவர்கள் எவரேனும் இருந்தால் அவர்கள் தொண்ணூறு வயதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து நடந்து வந்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராக இருக்கின்றனர். அன்று தமக்கு எவர் என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார் என்பதை இந்த மாவட்டத்தின் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரிடமும் கேட்டு, வாரம் ஒன்றாகத் தங்கள் பத்திரிகையில் வெளியிட முடியுமா? வீடுவீடாகச் சென்று கேட்டு எழுதித் தர என் பழைய மாணவர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கின்றனர். தாங்கள் இணங்கினால் தம்பலகாமத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருகோணமலை.