கலங்கரை விளக்கக் காவலர் சொன்ன இடம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. ஏரியில் மூழ்கி, பெயர்ப்பலகைகூட மிஞ்சாத கப்பலை இன்னதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 2025 ஜூனில் அகப்பட்ட 'எஃப். ஜே. கிங்' கப்பலை வைத்தே சொல்கிறேன்.

மூன்று பாய்மரம், 144 அடி நீளம், 1867இல் டொலீடோவில் கட்டியது. எஸ்கனாபா துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சிகாகோவுக்குப் போகும்போது, 1886 செப்டம்பர் 15 அன்று புயலில் பலகை இடுக்குகள் விட்டுப்போய், அதிகாலை இரண்டு மணி வாக்கில் அணியம் (முன்பகுதி) முதலில் அமிழ்ந்து மூழ்கியது. ஆட்கள் சிறுபடகில் தப்பினார்கள். கரையிலிருந்து 5 மைல் என்றார் கேப்டன். கலங்கரை விளக்கக் காவலர் வில்லியம் சாண்டர்சனோ, கரைக்கு இன்னும் பக்கத்தில் பாய்மர நுனிகள் நீருக்கு மேல் தெரிந்ததாகச் சொன்னார்.

பல ஆண்டுகள் பலரும் தேடியும் கிடைக்கவில்லை. விஸ்கான்சின் நீரடித் தொல்லியல் சங்கம் காவலர் சொன்னதை நம்பி 2 சதுர மைலுக்குத் தேடல் கட்டம் போட்டது. அது சரியான முடிவு. இருட்டிலும் புயலிலும் தவிக்கிற கேப்டனைவிட, நாள்தோறும் அதே தண்ணீரைப் பார்க்கிறவர் சொன்ன தூரம்தான் நம்பத்தக்கது. அவர் சொன்ன இடத்திலிருந்து அரை மைலுக்குள்ளேயே கிடைத்தது.

ஒலியை அனுப்பி ஏரியின் அடித்தளத்தைப் படம் பிடிக்கும் சோனார் கருவியைப் படகின் பின்னால் கட்டி, உழவுச்சால் போல ஒன்றை ஒட்டி ஒன்றாக ஓட வேண்டும். கருவிக்கு நேர் கீழே உள்ள பட்டை சரியாகப் பதிவாகாது. அதனால் ஒரு சால் அடுத்த சாலின் மேல் ஏறி விழ வேண்டும். அலை அடித்தால் கருவி ஆடிப் படம் நெளியும். படகு வளைந்து திரும்பும்போது எடுத்த பகுதி அளவெடுக்க உதவாது. பொருளின் பின்னால் விழும் நிழலிலிருந்து உயரத்தைக் கணிக்கலாம்.

அடுத்தது அளவு. பழைய பதிவுச் சான்றில் நீளம், அகலம், ஆழம், பாய்மர எண்ணிக்கை எல்லாம் இருக்கும். நீளத்தைத்தான் முதலில் நம்ப வேண்டும்; பக்கச் சுவர்கள் வெளிப்புறமாகச் சரிந்திருந்தால் அகலம் கூடுதலாகக் காட்டும். கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் டன் கணக்கில் இன்னும் கவனம் தேவை. 1865இல் அமெரிக்காவில் அளக்கும் முறையே மாறியது. அதற்கு முன்பு கட்டிய கப்பலுக்கு இரண்டு எண்கள் இருக்கும், இரண்டும் சரிதான். 1860களின் பிற்பாதியிலிருந்து முதன்மைக் குறுக்கு விட்டத்தில் (தளத்தைத் தாங்கும் பெரிய மரச்சட்டம்) பதிவு எண்ணைச் செதுக்கி வைத்தார்கள். அது கண்ணில் பட்டால் வழக்கு முடிந்தது.

ஆனால் மிச்சிகன் ஏரியில் குவாகா என்ற வெளியிலிருந்து வந்து பெருகிய சிறு சிப்பி அந்த விட்டத்தையே மூடிவிடுகிறது. நன்னீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு கிடையாது, குளிரும் சேர்ந்து மரத்தை நூறாண்டு தாண்டியும் காக்கிறது. இப்போது அந்த மரத்தின் மேல் சிப்பி படைபடையாக ஏறுவதைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. கால்சியம் குறைந்த சுப்பீரியர் ஏரி மட்டும் பெரும்பாலும் தப்பியிருக்கிறது.

உன்னிடம் இருப்பதாக நீ சொன்ன அந்தப் பழைய கப்பல் புகைப்படத்தைச் சங்கத்துக்கு அனுப்புவதானால் பின்பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய். அங்கே பென்சிலில் எழுதிய துறைமுகப் பெயரோ தேதியோ இருந்தால் அழிக்காதே, மேலே பேனாவால் எழுதாதே. படத்தை ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்