புயல் நேரத்து ஜெனரேட்டரும் கம்பத்தில் ஏறும் ஊழியரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னெச்சரிக்கைகளைத் தாங்கள் தொகுத்து வெளியிட்டிருந்த பக்கத்தில், வாடகைக்கு எடுக்கும் சிறிய ஜெனரேட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, டெல்டாவின் பல ஊர்களில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்குச் சார்ஜ் போடவும் இந்த ஜெனரேட்டர்களே கைகொடுத்தன. அவற்றின் அருமையை நான் மறுக்கவில்லை. மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவற்றை வீட்டு ஒயரிங்கோடு இணைக்கும் விதம்தான் எனக்கு அச்சமூட்டுகிறது.

இரு முனைகளிலும் பிளக் மாட்டிய ஒயர் ஒன்றைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரில் உள்ள பவர் சாக்கெட்டிலும் செருகிவிடுகிறார்கள். கழன்று விழுந்தால் அந்தப் பிளக்கின் பித்தளை முனைகளில் 230 வோல்ட் திறந்தபடி நிற்கும். தொட்ட குழந்தையின் கதி என்ன? மெயினை அணைத்திருக்கிறோம் என்பார்கள். ஆனால் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க வீட்டில் யாராவது ஒருவர் மெயினைப் போட்டால் போதும், ஜெனரேட்டரின் மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகக் கம்பத்துக்குப் போய்விடும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மரை எட்டினால், 11,000 வோல்ட்டை இறக்கித் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக உயர்த்தி உயரழுத்தக் கம்பியில் ஏற்றிவிடும். தெருவின் மின்பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்று சமாதானம் சொல்வது தவறு. புயலில் கம்பி அறுந்து, ஒன்றிரண்டு வீடுகள் மட்டும் மிஞ்சியுள்ள துண்டில் அப்படியொரு பாரமே இருக்காது. உயரழுத்தக் கம்பியைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிவிட்டு நம்பிக்கையோடு மேலே ஏறும் ஊழியருக்கு எந்த வீட்டிலிருந்து மின்சாரம் வருகிறது என்று எப்படித் தெரியும்? கஜா சமயத்தில் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து உழைத்தவர்கள் நம் தெருக்களை அதற்குமுன் கண்டதுகூட இல்லை.

இதற்கு முறையான வழி சேஞ்ச்ஓவர் சுவிட்ச். வாரிய மின்சாரம் ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறுபக்கம், நடுவில் ஆஃப். கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் மற்றது தானே துண்டிக்கப்பட்டிருக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் டபுள் போல் வகையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மழைக்கு முன்பே பொருத்திக்கொள்ள வேண்டும். அது இல்லாதவர்கள் ஒயரிங்கைத் தொடாமல், தரமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஃபேனையும் விளக்கையும் நேரடியாக இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது புகை. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வராந்தாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுகிறார்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதால், உறங்குபவர் விழிக்காமலே இறந்துவிடக்கூடும். ஜன்னலைத் திறந்துவைப்பது காப்பாற்றாது. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, நான்கு பக்கமும் திறந்த கூரையின் கீழ், புகைக்குழாய் நம் வீட்டையோ அண்டை வீட்டையோ பார்க்காதபடி வைக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் ஒரே நேரத்தில் வீட்டில் பலருக்கு வந்தால், அலைச்சலால் வந்த களைப்பு என்று படுத்துவிடாமல், எல்லோரும் உடனே வெளியேறி 108-ஐ அழைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

வாடகைக்கு விடும் கடைக்காரர்கள், இரு முனைப் பிளக் ஒயரைக் கொடுக்க மறுத்தாலே பாதி ஆபத்து நீங்கும். தாங்களும் அடுத்த புயல் எச்சரிக்கை வரும் நாளில் இவற்றைக் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் இன்னொன்றும் இடம்பெறட்டும்: பழுது பார்க்க ஊழியர்கள் தெருவுக்கு வந்தால், அவர்கள் ஏணியைச் சாய்ப்பதற்கு முன்பே, எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று சொல்லி, அதை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.