ஒரு மாத்திரையை முப்பத்து மூன்றாக வெட்டுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், எப்போதும் அசதியாக இருப்பவர்கள் தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் சரியாகிவிடும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. சாதாரண அசதிக்கு அது சரிதான். ஆனால் இதே யோசனையை 2022இல் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். நானும் நம்பி எங்கள் கடலூர் சில்வர் பீச்சில் நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் தலை வாரிக்கொள்ளச் சீப்பைத் தூக்க முடியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2021 மே மாதம் கொரோனா வந்து போனது. காய்ச்சல் போயிற்று, அசதி போகவில்லை. ஒரு நாளைக்கு ஆறு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள் ஒன்றுக்கு வந்துவிட்டேன். தைக்கிற அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் அடித்துப் போட்ட மாதிரி ஆகும். அளவு நோட்டில் நானே எழுதியது எனக்கே புரியாது. தைராய்டு, சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாமே நார்மல். "மனசுதாம்மா காரணம்" என்றார்கள். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். அப்பரின் சூலை நோய் தீர்ந்த திருவதிகை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய நோய்க்காவது பெயர் இருந்தது. என் நோய்க்குப் பெயர் கிடைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று.

புதுச்சேரியில் ஒரு டாக்டர்தான் குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், அதாவது நாள்பட்ட அசதி நோய் என்று சொன்னார். இதற்கென்று அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. வேறு நோய்க்கு அனுமதி பெற்ற நால்ட்ரெக்ஸோனை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கலாம், சிறிய ஆய்வுகள்தான் நடந்திருக்கின்றன, மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். இவ்வளவு வெளிப்படையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. சரி என்றேன்.

நால்ட்ரெக்ஸோன் 1984இல் அமெரிக்காவில் அபின் வகைப் போதைப் பழக்கத்துக்கும், 1994இல் குடிப்பழக்கத்துக்கும் அனுமதி பெற்ற மருந்து. அதனால் மருந்துக் கடையில் இருந்தவர் நாலு பேர் காதில் விழும்படி, "வீட்டுக்காரருக்காம்மா? எவ்ளோ நாளா குடிக்கிறாரு?" என்று கேட்டார். காப்பி தவிர வேறெதுவும் குடிக்காத மனிதர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்கு எதற்குப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். குடியை நிறுத்துகிற மாத்திரையோடு ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டியது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கடையில் இருந்தது 50 மில்லிகிராம் மாத்திரை. எனக்கு எழுதியிருந்தது 1.5 மில்லிகிராம். "உடைச்சுப் போட்டுக்குங்க" என்றார் சாதாரணமாக. கால் இஞ்சைக் கண்ணாலேயே அளக்கிறவள் நான். ஆனால் ஒரு மாத்திரையை முப்பத்து மூன்றாக எந்தக் கத்தரியால் வெட்டுவது? டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வெளியூர் மருந்தகம் ஒன்றில் சொல்லி, அளவாகக் காப்ஸ்யூல் செய்து கூரியரில் வரவழைத்தார். அதற்குப் பதினேழு நாள் ஆயிற்று.

முதல் இரண்டு வாரம் தூக்கம் துண்டு துண்டானது. கனவில் ஊர்ப்பட்ட ஜனமும் அளவு கொடுக்க வந்து நின்றது. ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றியதும் அது அடங்கியது. அளவை மெதுவாக 4.5 வரை கூட்டினார்கள். நான்காவது மாதம் தலைக்குள் இருந்த மந்தம் கொஞ்சம் விலகியது. இப்போது இரண்டு பிளவுஸ் தைக்கிறேன். தீபாவளிக்கு ஆசைப்பட்டு நான்கு தைத்தேன். மூன்று நாள் படுக்கை. நோய் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்துதான் காரணமா, நான் ஓய்வெடுக்கக் கற்றுக்கொண்டதா என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக வாங்கிப் போட வேண்டாம். டிராமடால், கோடீன் மாதிரி அபின் வகை வலி மருந்துகளின் வேலையை இது தடுத்துவிடும். அவற்றைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர் இதைப் போட்டால் உடம்பு பெரும் பாடுபட்டுவிடும். போன மாதம் பல் பிடுங்கப் போனபோது நான் முதலில் சொன்னதே இதைத்தான்.

நான் கேட்பது இரண்டுதான். அரசு மருத்துவக் கல்லூரிகளில் டாக்டர் எழுதிக் கொடுத்தால், இந்தச் சிறிய அளவை அங்கேயே தயாரித்துத் தர வழி செய்ய வேண்டும். அப்புறம், உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக் கூடாது என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021லேயே சொல்லிவிட்டது. உழைத்தால் மறுநாள் விழுந்துவிடுகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேர நடை பொருந்தாது என்று இரண்டு வரி போட்டால் போதும்.

என் பெயரைப் போட வேண்டாம். கடைக்கு வருகிறவர்கள் என் வீட்டுக்காரரை ஏற்கெனவே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
மஞ்சக்குப்பம், கடலூர்.