பழைய விளக்கில் மறுபடியும் கரண்ட் ஓடுமா, ஓடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், பழைய விளக்குகளை வீட்டு அலங்காரப் பொருள்களாக மாற்றுவது பற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. சரவிளக்கின் கண்ணாடித் தொங்கல்கள் ஜன்னலோரம் ஆடுவதும், குண்டு பல்புக்குள் ஒரு சின்னச் செடி வேர் விட்டிருப்பதும், பித்தளைச் சுவர் விளக்கு பளபளவென்று எரிவதும் படங்களில் அழகாகவே இருந்தன. கத்தரித்து வைத்துக்கொண்டேன். 34 வருடம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவன் நான். வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கழற்றிப் போடும் விளக்குகளைக் குப்பையில் விட மனசு வராமல் எடுத்து வந்து சேர்த்தும் வைத்தவன். அதனால் அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எதைச் செய்வதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி அதில் இல்லை. இந்த விளக்கில் மறுபடியும் கரண்ட் ஓடப் போகிறதா, இல்லையா?

இதற்குப் பதில் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது. ஓடாது என்றால் உள்ளே இருக்கும் ஒயர், ஹோல்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் உருவிவிட வேண்டும். பிறகு அது வெறும் கண்ணாடியும் உலோகமும்தான், உங்கள் இஷ்டம். ஓடும் என்றால் வெளிக்கூட்டை மட்டும் பழையதாக வைத்துக்கொண்டு, உள்ளே ஓடும் அத்தனையையும் புதிதாகப் போட வேண்டும். ‘பழைய ஒயர்தான், ஆனால் எரியுதே’ என்ற பேச்சே ஆகாது.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். தொழிலுக்கு வந்து ஆறாவது வருடம், ஒரு பித்தளைச் சுவர் விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்னத்தின் கழுத்துபோல வளைந்த கை, நுனியில் பால்கண்ணாடிக் கூடு. தேய்த்துத் துடைத்தேன், பல்பைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டேன். அதற்கு எர்த் கொடுக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து என் மனைவி ஈரத்துணியால் அதைத் துடைத்தார். சத்தம் கேட்டு ஓடினேன். தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கடவுள் புண்ணியத்தில் அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

விளக்கைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒயர் அந்த வளைந்த கைக்குள் நுழைகிற இடத்தில் பித்தளை விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. ஒயரின் மேலே துணிப் பின்னல், அதற்குள்ளே ரப்பர். துணி பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. விரலால் லேசாக மடக்கினேன். உள்ளே இருந்த ரப்பர் காய்ந்த மண்ணாகப் பொடிந்து கொட்டியது. செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. அது பித்தளையைத் தொட்டுக்கொண்டுதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. ரப்பர் இன்சுலேஷன் சூட்டிலும் வயதிலும் இறுகி, வெடித்து, கடைசியில் இப்படித்தான் உதிரும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

அன்றிலிருந்து உலோக விளக்கு என்றால் எர்த் இல்லாமல் நான் மாட்டியதே கிடையாது. ஒயர் நுழையும் ஓட்டை ஒவ்வொன்றிலும், விளிம்பு ஒயரை அறுக்காமல் இருக்க, ரப்பர் புஷ் என்ற வளையம் போடுவேன். திருகு ஹோல்டராக இருந்தால் லைன், அதாவது கரண்ட் வரும் ஒயர், நடுமுனைக்குப் போக வேண்டும்; நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பும் ஒயர், வெளிச்சுற்றுக்கு. மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும், ஆனால் பல்பு மாற்றப் போகிறவர் கை அந்தத் திருகில் பட்டால் கதை வேறு. எல்லாம் முடிந்த பிறகு மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்து இன்சுலேஷனைச் சோதித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவேன். இது ஒயரிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. தெரியாதவர்கள் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, அலங்கரிப்பது எல்லாம் தாராளமாகச் செய்யட்டும். உள்வேலைக்கு ஒருவரைக் கூப்பிடட்டும். தொங்குவிளக்காக இருந்தால் இன்னொன்று: எடையைச் சங்கிலி தாங்க வேண்டும், ஒயர் தாங்கக் கூடாது. ஒயரிலேயே தொங்கவிட்ட படம் ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தது.

பல்பு விஷயத்தில் இப்போது காலம் நமக்குச் சாதகம். பழைய கூடுகள் பலவும் 60 வாட் குண்டு பல்புக்காகச் செய்தவை. அந்தச் சூட்டில்தான் ஹோல்டரும் ஒயரும் வெந்தன. அதே வெளிச்சத்தை இன்று 8, 9 வாட் எல்இடி தந்துவிடுகிறது. 2,700 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்கினால் பழைய பல்பின் மஞ்சள் ஒளி அப்படியே வரும். ஆனால் முழுக்க மூடிய கண்ணாடி உருண்டைக்குள் எல்இடியைப் போட்டால் அதன் அடியில் இருக்கும் சர்க்யூட் சூடேறிச் சீக்கிரம் செத்துவிடும். காற்று போக வழி வேண்டும்.

கரண்ட் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் சுகம். பால்கண்ணாடிக் கூடுகளை யாரும் தூக்கிப் போடாதீர்கள். விளிம்பு கொஞ்சம் உடைந்த ஒன்று கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பலவற்றில் தெளிந்த கண்ணாடியின் மேல் வெள்ளைக் கண்ணாடி ஒரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பது தெரியும். பல்பின் கூச்சத்தை எடுத்துவிட்டு ஒளியைப் பரப்புவதற்கென்றே ஊதிச் செய்தது அது. அதைக் கவிழ்த்து வைத்தால் கிண்ணம், நிமிர்த்தினால் பூச்சாடி. சரவிளக்குத் தொங்கல் ஒன்றை வெயில் விழும் ஜன்னலில் கட்டினால் எதிர்ச்சுவரில் ஏழு நிறமும் விழும். பட்டை தீட்டிய தட்டைத் தொங்கல் என்றால் நல்லது. முழு உருண்டையாக இருந்தால் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைக் கருக்கிவிடும், அதை மட்டும் நேர்வெயிலில் மாட்ட வேண்டாம். கூட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் சுடர் கண்ணாடியைத் தொடாத அளவுக்கு அகலமானதைப் பார்த்து எடுக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஒரே இடத்தில் சூடேறினால் விரிசல் விட்டுவிடும்.

பித்தளையா, பித்தளை முலாம் பூசிய இரும்பா என்று முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளைதான், தேய்க்கலாம். ஆனால் புளிப்பான கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போடக் கூடாது. துத்தநாகம் கரைந்து போய் மேலே செம்பு நிற்கும். மஞ்சளாக எடுக்க நினைத்தது இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். தேய்க்காமல் அப்படியே விடுவதுகூட அழகுதான் என்பது என் எண்ணம். கைபட்டுக் கறுத்த பித்தளைக்கு ஒரு களை உண்டு.

இப்போது, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தின் மூலையில், பழைய டியூப்லைட்டை வெட்டிப் பூங்குழாய் செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. தயவுசெய்து அதைத் திருத்தி வெளியிடுங்கள். டியூப்லைட்டையும் சிஎஃப்எல் பல்பையும் யாரும் வெட்டக் கூடாது, துளைக்கக் கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது. சில மில்லிகிராம்தான், ஆனால் உடைத்தவுடன் ஆவியாகி அறைக்குள் பரவும், சுவாசத்தில் போகும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. ஜப்பானின் மினமாட்டா என்ற ஊரில் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர்களின் நரம்பைத் தின்றது; அந்த நோய் 1956-ல் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயரில்தான் 2013-ல் உலக நாடுகள் பாதரச ஒப்பந்தம் போட்டன. அந்த ஒப்பந்தத்தின்படிதான் இந்த டியூப்லைட்டுகளின் தயாரிப்பே இப்போது படிப்படியாக நிறுத்தப்படுகிறது. அதாவது இனிமேல்தான் வீடு வீடாக இவை கழற்றப்படும். உங்கள் பக்கத்தைப் படித்தவர்கள் கையில் ஆளுக்கு நாலு குழாய் இருக்கும்.

தவறி உடைந்துவிட்டால் எல்லாரையும் அறையை விட்டு வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கால்மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போக வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, இரண்டும் பொடியைக் கிளப்பிவிடும். கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, கடைசியில் ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் போட்டு மூட வேண்டும். பிறகு மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுக்கலாம். உடையாத குழாயும் அங்கேதான் போக வேண்டும்.

குழாய் போனால் மிச்சமிருக்கும் பட்டியை வீணாக்க வேண்டாம். நாலடி நீளத் தகரப் பட்டி, மடித்த விளிம்பு, சுவரில் அடிக்க ஓட்டைகள் தயாராக இருக்கின்றன. சோக், ஸ்டார்ட்டர், ஹோல்டர், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் சமையலறை ஜன்னலடியில் அழகான செடித்தொட்டி. நான் மூன்று வைத்திருக்கிறேன். ரொம்பப் பழைய பட்டி என்றால் அதிலிருக்கும் கெபாசிட்டரை மட்டும் பிரிக்க வேண்டாம். 1970-கள் வரை செய்த பலவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் அடைத்திருந்தார்கள். முழுதாக அப்படியே மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.

அந்தப் பித்தளைச் சுவர் விளக்கை அன்றே பழைய இரும்போடு போட்டுவிட நினைத்தேன். மனைவி விடவில்லை. “விளக்கு என்ன செய்தது? உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுக் கொடுங்கள்” என்றார். ஒயரையும் ஹோல்டரையும் உருவிக் கொடுத்தேன். வாசல் பக்கச் சுவரில் அவரே மாட்டினார். பால்கண்ணாடிக் கூட்டின் அடித்துளையைத் தக்கையால் அடைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி பிளான்ட் கொடியைப் போட்டார். அது இப்போது அந்த வளைந்த கையைச் சுற்றிக்கொண்டு கதவு நிலை வரைக்கும் போயிருக்கிறது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலைகளையும் பித்தளையையும் சேர்த்தே துடைக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர்