பேட்ஜ் இல்லாமல் போஸ்டிங் அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கும், ரேடியோகிராபி துறைத் தலைவர் மேடம் அவர்களுக்கும்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை இரவு ஐசியுவில் நடந்தது உங்கள் காதுக்கு வந்துவிட்டது. அதனால்தான் என் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் வருவதற்குள் எங்கள் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள் என்று இந்த மடல்.

ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கான இரவு போஸ்டிங்கில், இரண்டாம் ஆண்டுத் தங்கச்சி ஒருத்தியும் நானும் டெக்னீஷியன் அண்ணனோடு போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு போனோம். மூன்றாவது பெட்டில் ஒரு தாத்தா. உட்கார வைத்தால் சரிந்து சரிந்து விழுகிறார். நெஞ்சுப் படம் உடனே வேண்டும் என்கிறார் டாக்டர். உறவினர்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே. அண்ணன் அவளைப் பார்த்து, "நீ பிடிச்சுக்கோம்மா, ஒரு செகண்டுதான்" என்றார். மெஷினோடு வந்த ஒரே லெட் ஏப்ரன், அதாவது கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய மேலங்கி, அண்ணன் மேல் இருந்தது. அவள் வெறும் வெள்ளைக் கோட்டோடு தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் படம் அசைந்துவிட்டது. மறுபடியும் எடுத்தார்கள். அப்புறம் அடுத்த பெட். அன்று இரவு பதினொரு படம். அதில் நான்குக்குப் பிடித்தது அவள்தான்.

நான் படம் பதியும் தட்டான கேசட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகும் என்று படித்திருக்கிறேன் அல்லவா? படித்ததை எனக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டேன்.

விடியற்காலை டீ குடிக்கும்போது, "அக்கா, எனக்கு எவ்வளவு பட்டிருக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டைதான் தொங்கியது. உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் நெஞ்சில் இல்லை. எனக்கும் கிடையாது. மறுநாள் அண்ணனிடம் இதைக் கேட்டேன். அதற்குப் பெயர் ஒழுங்கீனம் என்று அப்பாவை வரச் சொன்ன உங்கள் ஓலையில் எழுதியிருக்கிறது.

நடக்க முடியாதவரையோ குழந்தையையோ பிடிக்க வேண்டியிருந்தால் அவருடைய வயதுவந்த உறவினரோ உடன் வந்தவரோதான் பிடிக்க வேண்டும், ஊழியர் பிடிக்கக்கூடாது என்கிறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 2016 பாதுகாப்பு நெறி. மேடம், இதை வைவாவில் என்னிடம் கேட்டதே நீங்கள்தான். சரியாகச் சொன்னேன், மார்க்கும் போட்டீர்கள். 16 முதல் 18 வயது வரையுள்ள பயிற்சி மாணவர்களுக்கு உடம்பில் படும் கதிர்வீச்சுக்கு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரம்பு என்பதும் உங்கள் வகுப்பில் எழுதிக்கொண்டதுதான். நம் கல்லூரியில் பதினேழு வயதில் சேருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஆறா, அறுபதா என்று யார் எண்ணுகிறார்கள்?

ஒரு போர்ட்டபிள் படத்தில் நோயாளி மேல் பட்டுச் சிதறி நம் பக்கம் வரும் கதிர்வீச்சு கொஞ்சம்தான், எனக்கும் தெரியும். ஆனால் கொஞ்சம் என்று சொல்லவும் அளந்திருக்க வேண்டுமே.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். போஸ்டிங் போகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் டிஎல்டி பேட்ஜ் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ரீடிங்கை எங்களிடம் காட்டுங்கள்.

"ஸ்டூடண்ட்ஸுக்கு எதுக்கு?" என்றார்கள் அலுவலகத்தில். எக்ஸ்ரே எங்கள் அடையாள அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும் போலிருக்கிறது. ஆய்வுக்கு ஆள் வந்த அன்று ஸ்டாண்டில் ஆறு ஏப்ரன் வரிசையாகத் தொங்கியது. மறுநாள் பழையபடி ஒன்று. நவம்பர் 8 வந்தால் மட்டும் ரான்ட்ஜென் 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த நாள் என்று கேக் வெட்டுகிறோம். அவர் எக்ஸ்ரே படமெடுத்த மனைவியின் கை எலும்பை மோதிரத்தோடு ஐசிங்கில் வரைந்திருந்தார்கள். அந்தக் காசுக்குப் பேட்ஜ் வந்திருக்குமே என்று நினைத்து எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பொய், இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934-இலேயே வந்துவிட்டது. இத்தனை வருடமாக எக்ஸ்ரேயோடு பழகிய ஊரில், ஒரு பேட்ஜ் கேட்டதற்கு அப்பாவைக் கூட்டி வரச் சொல்கிறீர்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பா திங்கட்கிழமை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். கூடவே, பேட்ஜுக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள். அந்தத் தங்கச்சிக்கு இந்த வாரமும் இரவு போஸ்டிங்தான். பேட்ஜ் வரும்வரை அவளை வகுப்பிலேயே உட்கார வையுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பணிவுடன்,
இறுதியாண்டு ரேடியோகிராபி மாணவி
சென்னை