பேட்டன் ரூஜ் பேஸ்பால் ரசிகர் வட்டம்: 2023-24 ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கையை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. நம் ஊர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்.எஸ்.யூ. அணி, ஒமாஹாவில் நடந்த கல்லூரி அணிகளின் தேசிய இறுதியில் புளோரிடாவை 18-4 என்று சாய்த்துக் கோப்பையோடு வந்திருந்தது. கேசரி கிண்டினோம், அறிக்கை அப்படியே நிறைவேறியது. இந்த வருடம் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும்.

கோப்பை வந்து இரண்டு வாரம் முடிவதற்குள், தொழில்முறை அணிகள் வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்தது. நம் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸை பிட்ஸ்பர்க் முதலாவதாக எடுத்தது, டிலன் க்ரூஸை வாஷிங்டன் இரண்டாவதாக எடுத்தது. ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் இரண்டு இடங்களும் போனது அதுதான் முதல் முறை. ஒரே சீசனில் 209 ஸ்ட்ரைக்அவுட் (மட்டையாளரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றுவது) எடுத்த கை ஸ்கீன்ஸுடையது. டை ஃப்ளாய்ட், ட்ரே மார்கன் இருவரும் கூடவே கிளம்பினார்கள். கல்லூரியில் மூன்று வருடம் முடித்தாலோ 21 வயதானாலோ தொழில்முறை அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. நன்றாக ஆடும் பையன் போகத்தான் செய்வான். "பயிற்சியாளர் ஏன் விட்டார்?" என்று வாட்ஸ்அப்பில் இன்னும் கேட்பவர்கள் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளவும்.

பயிற்சியாளர் ஜே ஜான்சன் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக அலபாமாவிலிருந்து லூக் ஹோல்மனையும், யூ.சி.எல்.ஏ.விலிருந்து கேஜ் ஜம்ப்பையும் கொண்டுவந்தார். ஜம்ப் முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர். பழைய பெரிய பெயர்களில் டாமி வைட் இருந்தார். இது போதும் என்றுதான் நினைத்தோம். எஸ்.இ.சி. என்ற நம் தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்கில் முதல் 15 ஆட்டங்களில் 3 வெற்றிதான்.

ஏப்ரல் கூட்டத்தில், அலெக்ஸ் பாக்ஸ் மைதான பார்க்கிங்கில் நாம் போடும் சாப்பாட்டை நிறுத்தலாம் என்று தீர்மானம் வந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டு பெரிய பாத்திரம் எலுமிச்சை சாதம் மூடி திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியிருந்தது. தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். ஒரே ஓட்டில் தோற்றோம். நல்லவேளை.

அடுத்த 15 ஆட்டங்களில் 10 வெற்றி. அப்புறம் ஹூவரில் நடந்த எஸ்.இ.சி. சீசன் முடிவுக் கோப்பைப் போட்டி. சவுத் கரோலினாவிடம் பெரிய பள்ளத்தில் கிடந்து ஏறிவந்து, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பத்தாவது இன்னிங்ஸில் முதலாண்டுப் பையன் ஸ்டீவன் மிலம் அடித்த ஹோம் ரன்னால் 12-11. நம் ஹாலில் டீ தம்ளர் ஒன்று உடைந்தது (செலவுக் கணக்கில் இல்லை). மறுநாள் இறுதியில் டென்னசியிடம் 4-3 தோல்வி. அந்த டென்னசிதான் பிறகு தேசியக் கோப்பையையே வாங்கியது. தேசியக் கோப்பைக்கான முதல் சுற்றில், சாப்பல் ஹில்லில் நார்த் கரோலினாவிடம் பத்து இன்னிங்ஸ் ஆடி மறுபடியும் அதே 4-3. அன்று இரவு குழுவில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

இந்த ஜூலை டிராஃப்டில் வைட், ஹோல்மன், ஜம்ப் மூவரும் போய்விட்டார்கள். ஆக, அடுத்த பிப்ரவரியில் மறுபடி பெயர்ப் பட்டியல் மனப்பாடம் செய்யும் வேலை இருக்கிறது. அதே வாரம் ஸ்கீன்ஸ் தன் முதல் வருடத்திலேயே தொழில்முறை நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் நேஷனல் லீக் அணியின் முதல் பந்தை வீசினார். அவர் இங்கே வீசும்போது நாம் வெளியே வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும்.

சீசன் நடுவில் சில குடும்பங்கள் வருவதை நிறுத்தின. அவர்கள் சந்தா திருப்பித் தரப்படாது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நீல நிறப் பெரிய கூலர் யார் வீட்டில் இருக்கிறதோ, அவர் தயவுசெய்து கொண்டுவந்து தரவும்.

செயலாளர்